கொழும்பு வெக்கையில் குருவிக்குத் தண்ணீர் மட்டும் போதாது

பறவைக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. ஆனாலும் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் தண்ணீர் ஆவியாகிக்கொண்டேதான் இருக்கும். உடம்பு சிறுத்தால் எடையோடு பார்க்கையில் தோற்பரப்பு கூடும். அதனால் தேன்சிட்டு போன்ற சிறிய உடம்புக்கு இழப்பும் வேகமானது.

பல்கனிக் கம்பியில் கிடக்கும் எச்சத்தைப் பாருங்கள். கறுப்புப் பகுதி மலம். வெள்ளைப் பசை யூரிக் அமிலம். அது தண்ணீரில் அதிகம் கரையாததால், நாம் யூரியாவைக் கழிக்கச் செலவிடும் தண்ணீர் பறவைக்கு மிச்சம். சிறுநீரை இரத்தத்தைவிட இரண்டு மூன்று மடங்குக்கு மேல் செறிவாக்கப் பெரும்பாலான பறவைகளால் முடியாது; மனிதருக்கு நான்கு மடங்கு வரை முடியும். அந்தக் குறையைக் குடல் ஈடுசெய்கிறது. சிறுநீர்ப்பை இல்லாததால் சிறுநீர் கடைக்குடலுக்குள் பின்னோக்கித் தள்ளப்படும். தண்ணீரும் உப்பும் அங்கே மறுபடி உறிஞ்சப்படும்.

வறண்ட இடத்துப் பறவையின் பெரிய ஆயுதம் தோல்தான். சவூதி அரேபியச் சிட்டுக்குருவிகளையும் அமெரிக்காவின் ஒஹாயோச் சிட்டுக்குருவிகளையும் ஒப்பிட்டபோது, பாலைவனத்துக் குருவிகளின் தோல் வழி இழப்பு குறைவாக இருந்தது. தண்ணீர் கசியாமல் தடுக்கும் செரமைடு போன்ற கொழுப்புகள் மேல்தோலில் கூடுதலாக இருந்தன. இனம் ஒன்றே, தோல்தான் வேறு. அவுஸ்திரேலிய வரிக்குருவி (zebra finch) உலர்ந்த விதையை மட்டும் தின்று, குடிக்காமலே பல வாரம் தாங்கும். தின்றதை எரிப்பதிலும் தண்ணீர் கிடைப்பதே காரணம்: 1 கிராம் கொழுப்பு எரிந்தால் ஏறக்குறைய 1 கிராம் தண்ணீர் உடம்புக்குள்ளேயே உண்டாகும்.

தேன்சிட்டின் சிக்கல் இதற்கு நேர்மாறு. பூந்தேனில் பெரும்பங்கு தண்ணீர்தான், அதை வெளியேற்றுவதே அதற்கு வேலை. பழம் தின்னும் கொண்டைக்குருவியின் எச்சம் நீர்த்திருப்பதும் இயல்பு. வயிற்றோட்டம் என்று மருந்து தேடி ஓட வேண்டாம்.

கொழும்பில் சிக்கல் ஈரப்பதன். பறவையின் உடல் வெப்பம் 41 பாகை அளவில் இருப்பதால், 32 பாகை நிழலில் காற்றோட்டம் இருந்தாலே அது சூட்டை இறக்கிவிடும். வெயில் ஏறிய கொங்கிரீட் பல்கனியில் அது முடியாது. அலகைத் திறந்து மூச்சிளைக்கத் தொடங்கும். காற்றே ஈரமாக இருந்தால் ஆவியாதல் மந்தமாகி, இளைத்தும் பயனில்லாமல் போகும். அடைத்த பல்கனியில் தண்ணீர் தெளிப்பது இதனால்தான் சரிவராது.

தண்ணீருக்கு அகலமான மண் சட்டி நல்லது. ஆழம் 2 முதல் 3 சென்ரிமீற்றர் போதும், நடுவில் ஒரு கல் வையுங்கள். வழவழப்பான பிளாஸ்ரிக் கிண்ணத்தில் கால் வழுக்கும். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். கூடவே விளிம்பைத் தும்பால் தேய்த்துக் கழுவுங்கள், ஏனெனில் டெங்கு நுளம்பின் முட்டை விளிம்பில் ஒட்டியிருக்கும், தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போகாது. குடம்பி இருந்தால் சுகாதாரப் பரிசோதகரின் நடவடிக்கையும் வரும். ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் தூள்), உப்பு, சீனி எதையும் கரைக்க வேண்டாம். கடற்பறவைக்கு இருப்பதுபோல் உப்பை வெளியேற்றும் சுரப்பி, குருவி போன்ற பாடும் பறவைகளிடம் வேலை செய்வதில்லை.

சூட்டில் விழுந்த குருவி கிடைத்தால் துளையிட்ட காட்போட் பெட்டியில் வைத்து, காற்றோட்டமுள்ள நிழலில் விடுங்கள். வாய்க்குள் தண்ணீர் ஊற்றவே கூடாது: மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குச் சற்றுப் பின்னால் இருப்பதால் தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போகும். தலையைத் தூக்கி நிற்கத் தொடங்கியதும் ஆழமற்ற மூடியில் தண்ணீரை அருகே வைத்தால் தானே குடிக்கும். ஒரு மணித்தியாலத்தில் தேறாவிட்டால் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.