குளிரூட்டியா, காற்றுப்பதனியா?

போன ஜனவரியில் ஒரு நாள் இரவு டெல்லியிலிருந்து சித்தி போன் செய்தார். "அவுட்டோர் யூனிட் புகையுதுடா. உள்ளே காத்தும் நின்னுபோச்சு. மெயினை அணைச்சிட்டேன்." வெளியே ஐந்தாறு டிகிரி, நல்ல மூடுபனி. சூடும் குளிரும் தரும் புது ஏசி அது; மாட்டி மூன்று வாரம்கூட ஆகவில்லை. கூடவே வந்த தமிழ்க் கையேட்டைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். அதில் ஒரு வரி: "உறைபனி நீக்கத்தின்போது குளிரூட்டி தற்காலிகமாக நிற்பது இயல்பு." சித்தி இதைப் படித்திருக்கிறார். "குளிரூட்டுறதுதானே நிக்கும்னு போட்டிருக்கு? நான் சூடுல இல்ல வெச்சிருந்தேன்" என்றார். அவர் படித்ததில் ஒரு பிழையும் இல்லை. பிழை எழுதியவருடையது; ஏசியைத்தான் அவர் 'குளிரூட்டி' என்று எழுதியிருக்கிறார்.

நடந்தது இதுதான். சூடு வேண்டுமென்று வைத்ததும் ஏசிக்குள் நான்குவழி வால்வு ஒன்று திரும்பிக்கொள்கிறது. கோடையில் அறையின் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டும் அதே கேஸ், இப்போது வெளிக்காற்றில் இருக்கும் கொஞ்சநஞ்ச வெப்பத்தை அள்ளி அறைக்குள் கொண்டுவருகிறது. அப்போது வெளியே உள்ள 'காயில்', அதாவது கேஸ் ஓடும் சுருள்குழாய், உறைநிலைக்கும் கீழே போய், மூடுபனியின் ஈரம் அதன் மேல் வெள்ளையாகப் படிந்துவிடும். அதை உருக்க வால்வு சில நிமிடம் பழையபடி திரும்பும். அறைக்குள் குளிர்காற்று அடிக்கக் கூடாதென்று உள்விசிறி நிற்கும். வெளியே ஆவி பறக்கும். சித்தி புகை என்று நினைத்தது அந்த ஆவியைத்தான். பத்து நிமிடம் விட்டிருந்தால் சூடு தானே திரும்பியிருக்கும்.

சரி, சொல்லுக்கு வருவோம். 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த அச்சகம் ஒன்றில், ஈரக்காற்றால் காகிதம் விரிந்து சுருங்குவதைத் தடுக்க ஒரு அமைப்பை வடிவமைத்தார் வில்லிஸ் கேரியர். 'ஏர் கண்டிஷனிங்' என்ற பெயர் அவர் வைத்ததல்ல. 1906-இல் ஸ்டூவர்ட் கிராமர் என்ற நூற்பாலைப் பொறியாளர் வைத்தது. ஆலைகளில் நூலுக்கு ஈரம் ஏற்றிப் பதப்படுத்துவதை 'கண்டிஷனிங்' என்பார்கள். அதையே அவர் காற்றுக்கும் சொன்னார். பிறந்தபோது அந்தப் பெயரில் குளிர் இல்லவே இல்லை. ஈரம்தான் இருந்தது.

குளிரை உள்ளே நுழைத்தது நம் மொழிபெயர்ப்பு. 'குளிரூட்டி' என்றால் குளிரை ஊட்டுவது. சோறூட்டுவது, பாலூட்டுவது போல. இந்தக் கருவி எதையும் ஊட்டுவதில்லை, வெப்பத்தை எடுத்து வேறிடத்தில் வைக்கிறது. இதைக்கூட நான் பெரிதுபடுத்த மாட்டேன்; பேச்சுவழக்குக்கு இயற்பியல் தேவையில்லை. "நம்ம ஊர் வெயிலுக்கு ஏசின்னாலே குளிர்தானே, குளிரூட்டின்னா என்ன குறை?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நம்ம ஊரில் மட்டும் விற்றால் குறையில்லைதான். ஆனால் டெல்லிக் குளிரில் "குளிரூட்டியைச் சூடாக்கும் முறையில் இயக்கவும்" என்று எழுதினால், படிப்பவர் எதைப் பிடித்துக்கொள்வார்? சூட்டையா, குளிரையா?

இதைவிட மோசமான குழப்பம் ஒன்று உண்டு. காயிலுக்குள் ஓடும் கேஸுக்கும் பலர் 'குளிரூட்டி' என்றே எழுதுகிறார்கள். அதே கையேட்டின் எச்சரிக்கைப் பகுதியில் "குளிரூட்டியிலிருந்து குளிரூட்டி கசிந்தால்" என்று இருந்தது. இப்போது வரும் பல ஏசிகளில் இருப்பது ஆர்32. அது ஓரளவு தீப்பற்றக்கூடிய வாயு. எது கசிகிறது, தண்ணீரா வாயுவா என்று தெரியாதபடி ஒரு எச்சரிக்கையை எழுதலாமா? ஏசி மெக்கானிக் "கேஸ் லீக்" என்கிறார். அவர் பேச்சில் இருக்கும் தெளிவு அச்சில் இல்லை.

'குளிர்சாதனம்' இன்னொன்று. சாதனம் வடசொல் என்று சிலர் ஒதுக்குவார்கள். என் குறை அதுவல்ல. குளிர்சாதனப் பெட்டி என்றால் வீட்டில் ஃபிரிட்ஜ், ரயிலில் ஏசி கோச். இரண்டுக்கும் ஒரே பெயர் எப்படிப் போதும்? 'காற்றுச்சீரமைப்பி' குளிரை விட்டுவிட்டது, நல்லது. ஆனால் சீரமைப்பு என்றதும் குண்டும் குழியுமான சாலைதான் நினைவுக்கு வருகிறது. கெட்டுப்போனதைத்தான் சீரமைப்போம்.

கிராமர் ஆலை நூலில் பார்த்த 'கண்டிஷனிங்' என்பதற்குத் தமிழில் பழகிய சொல் இருக்கிறது: பதம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். பாகு பதம் பார்க்கிறோம், தோலைப் பதனிடுகிறோம். கலயத்தில் சுண்ணாம்பு தடவி, புளிக்க விடாமல் இறக்குவது பதநீர். (சொல், அடி என்று பொருள்படும் வடமொழிப் பதம் வேறு.) ஈரப்பதம் என்று அன்றாடம் வானிலை அறிக்கையில் கேட்கிறோமே, அதிலும் அதுதான். பதம் என்றால் வேண்டிய நிலை. சூடாக்கினாலும் பதம், குளிர்வித்தாலும் பதம், ஈரத்தை எடுத்தாலும் பதம். அதனால் காற்றுப்பதனி.

'வளிபதனி' என்பவர்களும் உண்டு. வளி பழைய, அழகான சொல். தொல்காப்பியத்தில் நிலம், தீ, நீருக்கு அடுத்து வருவது. ஆனால் ளகரத்தை ஒழுங்காகச் சொல்வோர் குறைந்துபோன காலத்தில் அது 'வலிபதனி'யாகிவிடும். காற்றுக்கு அந்தத் தொல்லை இல்லை.

கையேடு எழுதுவோர் சொல்லை அகராதியில் பார்க்கிறார்கள், பொருளைக் கருவியில் பார்ப்பதில்லை. ரிமோட்டில் நீர்த்துளிப் படம் போட்ட 'டிரை' பொத்தானுக்கு 'உலர்ந்த பயன்முறை' என்று இருந்தது. உலர்ந்தது எது? 'ஈரம் நீக்கல்' என்றால் முடிந்தது. 'ஹீட் பம்ப்' அங்கே 'வெப்பக் குழாய்' ஆகியிருந்தது. அது முற்றிலும் வேறு பொருள். கிணற்றிலிருந்து நீர் இறைப்பது போல, குறைந்த வெப்பமுள்ள இடத்திலிருந்து கூடிய இடத்துக்கு வெப்பத்தை ஏற்றுவது ஹீட் பம்ப். வெப்ப இறைப்பி எனலாம். அதுவும் கூடவில்லை என்றால் ஏசி என்றே எழுதுங்கள். பொருளைக் கெடுக்கும் தமிழ்ச்சொல்லுக்கு ஏசி எவ்வளவோ மேல்.

சித்திக்கு நான் அப்படித்தான் எழுதி அனுப்பினேன்:

"குளிர்காலத்தில் ஏசி நடுநடுவே சில நிமிடம் சூடு தராமல் நிற்கும். வெளியே படிந்த பனியை உருக்கிக்கொண்டிருக்கும். ஆவி வரும், தண்ணீர் சொட்டும். அணைக்க வேண்டாம். சூடு மேலே போகும், அதனால் காற்று கீழே வரும்படி தகட்டைத் திருப்பி வையுங்கள். வடிகட்டியைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள்."

ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறாராம்.