குரும்பட்டியில் எழுந்த மாடிவீடு

பெரிய மழை விட்ட அடுத்த நாள் பிள்ளைகளைக் காக்கைதீவுக் கரைக்குக் கூட்டிப்போவேன். களனி கங்கை கடலில் சேரும் இடத்தை ஒட்டிய கரை அது. குரும்பட்டி (முற்றாமல் உதிர்ந்த தென்னம்பிஞ்சு), தேங்காய் மட்டை, வேர்க்கட்டை, அதில் சுற்றிய நைலோன் நூல் என்று ஆறு கொண்டுவந்ததெல்லாம் ஒதுங்கிக் கிடக்கும்.

கொழும்பில் பல வருடமாகச் சித்திரம் படிப்பிக்கிறேன். பொறுக்கியதை வைத்து ஏதாவது செய்யச் சொன்னால் முதலில் வருவது மயிலும் பாய்க்கப்பலும்தான். பிள்ளைகளில் குறையில்லை. "வடிவாச் செய்யுங்கோ" என்று நாங்கள் சொல்லிவிடுகிறோம், அதுதான் பிழை. இப்போது "உங்கட வீட்டில நடக்கிற எது இதில தெரியுது?" என்று கேட்கிறேன்.

ஒரு பையன், குரும்பட்டித் தேர் கட்டுவது போலவே ஈர்க்கில் கோத்து, பன்னிரண்டு அடுக்கு எழுப்பினான். கொழும்பில் 'தோட்டம்' என்று சொல்லுகிற நெருக்கமான சிறு வீட்டுக் குடியிருப்பிலிருந்து மாடிக்குடியிருப்புக்கு மாற்றப்பட்ட குடும்பம். உச்சியில் ஒரு சோகி (சோழி). "அம்மம்மா. லிப்ட் பழுதானா அவ கீழ வர ஏலாது டீச்சர்." தள்ளிக் கீழே ஒரு மட்டைத் துண்டு கிடந்தது. பழைய வீட்டில் அவ பின்னேரம் இருந்து கதைத்த வாசற்படியாம்.

ஒரு கண்காட்சியில் அதை "சோகமாக இருக்கிறது" என்று மூலையில் வைத்துவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தப் பிள்ளை பார்த்ததைத்தானே செய்தான்?

கட்டைகளின் வெடிப்புக்குள் சில வேளை வெள்ளைக் குருணிகள் இருக்கும். 2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்து, சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் குருணி கடலுக்குப் போனது. குருணி கண்டால் கையுறை போட்டு நானே கையாள்வேன், பிள்ளைகளைத் தொட விடுவதில்லை. ஆனால் தோண்டி எடுத்து எறிவதுமில்லை. மேலே தெளிவான பசை ஊற்றி, அப்படியே தெரிய விடுகிறேன். அந்தக் கட்டை பட்ட பாடும் கதையில் வரட்டும்.

சரி, செய்யப் போகிறவர்களுக்கு: கட்டையை நல்ல தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து, நன்றாக வெயிலில் காயவிடுங்கள். உப்பு நின்றால் ஈரம் இழுக்கும், பசை பிடிக்காது. முருகைக்கல்லை எடுக்கவே வேண்டாம், அது சட்டப்படி குற்றம். சிப்பி, சோகி எதையும் பையில் போட முன் மணலில் வைத்துக் கொஞ்ச நேரம் பாருங்கள். உள்ளே நண்டு இருந்தால் நடக்கத் தொடங்கும்.