கோழிக்கூட்டுக்குள்ள கரிச்சட்டி வைக்காதீங்க, கும்பிட்டுக் கேக்கறேன்

கால்நடை டாக்டரா இருக்கற எனக்கு டிசம்பர் பொறந்துட்டா போதும், காலைல ஃபோன் எடுக்கவே பயமா இருக்கு. "மேடம், நைட்டு நல்லாதான் மேஞ்சுட்டு அடைஞ்சுது, காலைல தெறந்து பாத்தா மொத்தமும் செத்துக் கெடக்கு, வெள்ளைக்கழிச்சல் நோயா இருக்குமோ?" இந்த வாரமும் நம்ம ஊட்டி மலைல தலைகுந்தா பக்கத்துல இருந்து அதே ஃபோன், அதே கேள்வி. இருந்த அத்தனை கோழியும் ஒரே ராத்திரில, ஒரு சொட்டு கழிச்சல் இல்லாம, கழுத்து திருகாம, இரை எடுக்காம உக்காந்திருக்கறது கூட இல்லாம சாகறதுக்கு வெள்ளைக்கழிச்சல் வரணும்னு அவசியமில்லீங்க. கத்திய வெச்சு அறுத்து பாத்தா ரத்தம் செர்ரிப்பழ செவப்புல பளபளன்னு இருக்கு, நுரையீரலும் அதே கலர், செத்த கோழிக்கு கருத்துப் போக வேண்டிய கொண்டை கூட உயிரோட இருக்கற மாதிரி செவந்திருக்கு. அப்பவே தெரிஞ்சு போச்சு. "உள்ள கரி வெச்சீங்களா?"ன்னு கேட்டேன். வீட்டுக்காரங்க ரெண்டு பேரும் மூஞ்சிய பாத்துக்கிட்டாங்க, அப்புறம் அந்தம்மா மெதுவா, "கொஞ்சூண்டு கங்கு தான் மேடம், புகையே வரல"ன்னாங்க.

புகை வரலைன்னா விஷம் இல்லன்னு யாருங்க சொன்னது? கங்குல இருந்து கலரும் வாசனையும் இல்லாம வர்ற கார்பன் மோனாக்சைடு வெஷக்காத்து பத்தி நான் பாடம் எடுக்கப் போறதில்ல. ஊட்டி, கொடைக்கானல் காட்டேஜ்ல ரூமுக்குள்ள கரி அடுப்ப வெச்சுட்டு படுத்தவங்க காலைல எழுந்திரிக்கவே இல்லைன்னு பேப்பர்ல வந்ததெல்லாம் எல்லாரும் படிச்சிருக்கோம், படிச்சுட்டு உச்சுக் கொட்டிட்டு, அதே சட்டிய கொண்டு போய் கோழிக்கூட்டுல வெக்கறோம். "யூட்யூப்ல பண்ணைக்காரங்க கரி அடுப்பு வெக்கறாங்களே"ன்னு ஒரு வாதம் வேற. அவங்க கொட்டகை பெருசு, பக்கவாட்டுல வலை, மேல காத்து போக வழி, ராத்திரி பூரா ஒரு ஆள் முழிச்சிருப்பான். உங்க கூடு நாலடிக்கு நாலடி, சுத்தி ஃப்ளெக்ஸ் பேனர் கட்டி ஆணி அடிச்சிருக்கீங்க. இன்னும் ஒண்ணு, நெறைய வீட்ல கூடு சமையக்கட்டு சுவத்தோட ஒட்டி இருக்கு. அந்தக் காத்து வீட்டுக்குள்ள வராம கோழியோட நின்னுச்சேன்னு நெனச்சுக்கோங்க.

சரி, கரி விஷயம் ஒரு பக்கம். எனக்கு உண்மைல எரிச்சல் வர்றது அதுக்கும் முன்னாடி இருக்கற நெனப்பு மேல. "நமக்கே இப்படி குளுருதே, கோழி பாவம்" அப்படிங்கற நெனப்பு. உங்களுக்கு இறகு இருக்கா? கோழியோட ஒடம்பு சூடே கிட்டத்தட்ட 41 டிகிரி, அதாவது நமக்கு கடும் காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்கு ஓடற சூட்டுலதான் அது தெனமும் சாதாரணமா வாழுது. ராத்திரில இறக உப்பிக்கிட்டு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, தலைய இறக்கைக்குள்ள சொருகிக்கிட்டு, கால வயித்துக்கடில மடக்கி உக்காந்துச்சுன்னா உதகைல பூஜ்யம் டிகிரிக்கு வந்தாலும், தலைகுந்தால அதுக்கும் கீழ போனாலும், வளந்த கோழி தாங்கும். தாங்காதது ரெண்டே விஷயம்: மேல நேரா அடிக்கற காத்து, ஈரம். நீங்க காத்த தடுக்கறேன்னு ஈரத்த உள்ள பூட்டி வெக்கறீங்க, பிரச்சினையே அங்கதான்.

எப்படின்னா, கோழி எச்சத்துல முக்கால்வாசி தண்ணி. அது போக மூச்சு விட விட ராத்திரி பூரா ஈரம் வெளிய வருது. எல்லா பக்கமும் அடைச்சுட்டா அந்த ஈரம் எங்க போகும்? தகர ஷீட்டுல முட்டி, குளுந்து, தண்ணியா மாறி கோழி முதுகு மேலயே சொட்டும். நனைஞ்ச ஸ்வெட்டர் போட்டுட்டு பனில உக்காந்து பாருங்க, அதுதான் அந்தக் கோழி நெலம. கீழ படுக்கை நனைஞ்சு எச்சத்தோட சேந்து அமோனியா கெளம்பும், அது மூச்சுக்குழல்ல தூசி தள்ளற மெல்லிசு ரோமத்த வேலை செய்யவிடாம பண்ணும், அப்புறம் எந்தக் கிருமி வந்தாலும் நேரா உள்ள போக வேண்டியதுதான். கொர்ர் கொர்ர்ருனு சத்தம், கண்ணுல நுரை, மூக்குல சளி. உடனே நீங்க என்ன பண்றீங்க, "குளுரு புடிச்சுருச்சு"ன்னு இன்னும் ரெண்டு சாக்க எடுத்து மிச்சமிருக்கற ஓட்டையையும் அடைக்கறீங்க! போதாக்குறைக்கு கடைல யாரோ குடுத்த ஆன்டிபயாடிக் பொடிய தண்ணில கலக்கறீங்க, அந்த முட்டைய வீட்டுப் புள்ளைங்க சாப்புடுது. அது தனி தலைவலி, இன்னொரு நாள் திட்டறேன்.

உங்க கூடு எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்க என்னைய கூப்புட வேண்டாம். விடியக்காலைல கூட்டத் தெறந்த உடனே, நின்னுக்கிட்டு இல்ல, குத்தவெச்சு உக்காந்து கோழி தலை இருக்கற ஒசரத்துல மூச்ச இழுங்க. கண்ணு கரிச்சாலோ மூக்குல சுருக்குன்னு ஏறினாலோ மேல வழி விடுங்க. ஃப்ளெக்ஸோட உள்பக்கம் கைய வெச்சு தடவுங்க, கை நனைஞ்சா அதே பதில்தான்.

செலவில்லாம செய்யறதுக்கு நெறைய இருக்கு. காத்து வர்ற பக்கம் மட்டும் கோணிச்சாக்கு தொங்க விடுங்க, ராத்திரி எறக்கி காலைல வெயில் வந்ததும் சுருட்டுங்க, கூரைக்குக் கீழ ஒரு சாண் எப்பவும் தெறந்தே இருக்கணும், எலி கீரி வராம வலை அடிச்சுக்கலாம். தரைல உமியோ மரச்சீவலோ கடலைத்தொலியோ ஆறு இஞ்சு கனத்துக்கு போட்டு ரெண்டு நாளைக்கு ஒருக்கா கெளறி விடுங்க, கையில அள்ளி இறுக்கிப் புடிச்சா உதிரணும், உருண்டையா நின்னா ஈரம் ஜாஸ்தி, அத அள்ளிட்டு புதுசு போடுங்க. உக்கார்ற கட்டைக்கு குச்சிக்கு பதிலா ரெண்டு இஞ்சு அகலத்துல தட்டையான ரீப்பர் வெச்சா வயித்து இறகு வெரல மூடிக்கும். சாயந்தரம் அடையறதுக்கு முன்னாடி ஒரு கை மக்காச்சோளம், கம்பு கூடப் போடுங்க, ரொம்புன தீனிப்பையோட போய் உக்காந்தா செரிக்கற சூடே ராத்திரிக்கு ஆகும். காலைல ஐஸ் மாதிரி கெடக்கற தண்ணிய கொட்டிட்டு வெதுவெதுன்னு மாத்தி வையுங்க. அவ்ளோதான், கரண்ட் பில்லே கெடையாது.

குஞ்சு கதை வேற. அதுக்கு சூடு வேணும், அதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. மொத வாரம் 35 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு மூணு டிகிரி கொறைச்சுட்டே வாங்க, இறகு முழுசா மொளைக்க ஆறு வாரம் கிட்ட ஆகும். அடைக்கோழி இருந்தா அத விட சல்லிசான ஹீட்டர் ஒலகத்துல இல்ல, பத்துப் பன்னெண்டு குஞ்ச அது பாத்துக்கும். இல்லைன்னா குஞ்சுக்கு 2 வாட் கணக்குல பல்பு, நம்ம மலைக்கு அதுக்கும் மேலயே போடலாம், ஒண்ணு ஃப்யூஸ் போனாலும் இன்னொண்ணு எரியற மாதிரி ரெண்டா பிரிச்சுப் போடுங்க. பல்புன்னா பழைய குண்டு பல்பு! போன மாசம் ஒருத்தர் 9 வாட் எல்இடி நாலு மாட்டிட்டு "வெளிச்சம் நல்லா இருக்கு, குஞ்சு மட்டும் ஏன் சாவுது"ன்னாரு. நான் என்னத்த சொல்ல. தெர்மாமீட்டர் இல்லைன்னா குஞ்சையே பாருங்க, பல்புக்கடில குவிஞ்சு கெடந்தா சூடு பத்தல, ஓரத்துக்கு ஓடி வாயத் தெறந்து மூச்சு வாங்கினா ஜாஸ்தி, ஒரே பக்கமா ஒதுங்கினா எதிர்ப்பக்கத்துல இருந்து காத்து அடிக்குது. கரண்ட் போச்சுன்னா சுடுதண்ணிய பாட்டில்ல ஊத்தி இறுக்க மூடி துணி சுத்தி நடுவுல படுக்க வையுங்க. நாலு வாரக் குஞ்சு வாங்கறவங்க, கீழ சமவெளி சூட்டுல வளந்தத இங்க கொண்டு வந்த அன்னிக்கே வெறுங்கூட்டுல விட்டுறாதீங்க, இன்னும் ரெண்டு வாரம் பல்பு வேணும்.

அந்த பல்ப வயர்லயே தொங்க விடாதீங்க ப்ளீஸ், சங்கிலியோ கட்டுக்கம்பியோ போட்டு கட்டுங்க, முன்னாடி வலை, உமிக்கு ஒன்றரை அடி மேல. உமி பத்திக்கிட்டா நின்னு எரியாது, கணகணன்னு உள்ளயே போகும், நீங்க பாக்கறப்போ கூடு இருக்காது.

இவ்வளவுக்கப்புறமும் கோழி செத்துச்சுன்னா வெறுங்கையால தொடாம ரெண்டு கவருக்குள்ள போட்டுக் கட்டி, சீக்கிரமா கால்நடை ஆஸ்பத்திரிக்கு கொண்டு வாங்க. வர நேரமாகும்னா சுத்தி ஐஸ் வையுங்க, ஃப்ரீசர்ல போடாதீங்க, ஒறைஞ்சு போனா உள்ளுறுப்ப பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது. மிச்சத்த ஓடைல வீசாம ஆழமா குழி வெட்டி சுண்ணாம்பு போட்டு பொதைங்க. கூட்டுக்குள்ள கரி வெச்சிருந்தா அதையும் மொதல்லயே சொல்லிருங்க, நான் திட்டத்தான் செய்வேன், ஆனா தேவையில்லாம லேபுக்கு அனுப்பிட்டு ரிசல்ட்டுக்கு காத்துக் கெடக்க வேண்டாம்.