வரிசையை மறந்தால் சொல் கிடைக்கும்

ஆங்கிலத்தில் ஏ, ஈ, எஸ், டி என்று நான்கு எழுத்துகளை எடுத்துக்கொள்வோம். டி என்று நான் சொல்வது டீச்சரில் வரும் டி. நான்கையும் தலா ஒருமுறை பயன்படுத்தினால் இருக்கையைக் குறிக்கும் சீட் கிடைக்கும். கிழக்கைக் குறிக்கும் ஈஸ்ட், சாப்பிடுகிறார் என்று பொருள்படும் ஈட்ஸ், தேநீரின் பன்மையான டீஸ் ஆகியவையும் கிடைக்கும். ஓர் எழுத்தை விட்டுவிட்டாலோ ஈட், ஏட், டீ, செட், சாட் என்று பட்டியல் நீள்கிறது. எழுத்துகளைத் தட்டியதும் இப்படி எல்லாச் சொற்களையும் கொட்டிவிடும் செயலிகள் இன்று ஏராளம். உள்ளே என்ன நடக்கிறது?

முதலில் தோன்றும் வழி, எழுத்துகளை எல்லா விதமாகவும் மாற்றி அடுக்கி, ஒவ்வொன்றும் அகராதியில் இருக்கிறதா என்று பார்ப்பது. நான்கு எழுத்துகள் என்றால் ஓரெழுத்து அடுக்கு முதல் நாலெழுத்து அடுக்கு வரை மொத்தம் 64. இது பரவாயில்லை. எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் உருவாக்கும் ஸ்கிராபிள் ஆட்டத்தில் கையில் இருப்பது ஏழு எழுத்துகள். அவை ஏழும் வெவ்வேறாக இருந்தால் 13,699 அடுக்குகள் வரும். அவற்றில் மிகப் பெரும்பாலானவை வாயில் நுழையாத வெற்றுக் கோவைகள். கணினியால் அத்தனையையும் சோதிக்க முடியும் என்பது உண்மைதான். ஆனால் அது அகராதியை அப்படியே வைத்துக்கொண்டு கேள்வியோடு மட்டும் மல்லுக்கட்டும் வழி.

சரி, அகராதியையே மாற்றி அடுக்கினால்? ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் பிரித்து அகரவரிசையில் வையுங்கள். சீட் என்பது எஸ்-ஈ-ஏ-டி. வரிசைப்படுத்தினால் ஏ-ஈ-எஸ்-டி. ஈஸ்ட் என்பது ஈ-ஏ-எஸ்-டி. அதுவும் ஏ-ஈ-எஸ்-டி ஆகிவிடும். ஈட்ஸும் டீஸும் அதே இடத்தில் வந்து நிற்கும். இந்த வரிசைப்படுத்திய கோவையைச் சாவி என்று வைத்துக்கொண்டு, ஒரே சாவியுள்ள சொற்களை ஒரே கட்டாகக் கட்டிவிட வேண்டும். போட்டிகளில் பயன்படும் காலின்ஸ் ஸ்கிராபிள் பட்டியலில் சுமார் 2,80,000 சொற்கள் இருக்கின்றன. அத்தனைக்கும் இந்த வேலையை ஒரே ஒருமுறை செய்தால் போதும். அப்புறம் யார் எந்த எழுத்துகளைக் கொடுத்தாலும், அவற்றை வரிசைப்படுத்திச் சாவியாக்கி, அந்தக் கட்டை நேராக எடுத்துவிடலாம். சில எழுத்துகளை விட்டுவிட்டுப் பார்க்க வேண்டுமென்றாலும் கவலையில்லை. ஏழு எழுத்துகளிலிருந்து எதை எடுப்பது, எதை விடுவது என்பதற்கு 127 வழிகள்தான். 13,699 தேடல்கள் 127 ஆகச் சுருங்கிவிட்டன.

இந்தச் சாவி கணினிக்கு மிகவும் முந்தையது. பள்ளியில் சுருள்வில்லைத் தொங்கவிட்டு ஹூக் விதியைச் சோதித்திருப்போமே, அந்த ராபர்ட் ஹூக் 1676ல் ஒரு நூலில் பதினான்கு எழுத்துகளை அச்சிட்டார்: சி, ஈ, மூன்று ஐ, என், ஓ, மூன்று எஸ், இரண்டு டி, யூ, வி. வெறும் அகரவரிசைதான். யாருக்கும் எதுவும் புரியவில்லை. கண்டுபிடிப்பு தன்னுடையது என்று பதிவாக வேண்டும், ஆனால் அதற்குள் வேறு யாரும் அதை எடுத்துக்கொண்டு ஓடிவிடக் கூடாது என்பதற்காகச் செய்தது. 1678ல் அவரே விடையைச் சொன்னார்: 'உட் டென்சியோ, சிக் விஸ்' என்ற லத்தீன் வாக்கியம். நீட்சி எவ்வளவோ விசையும் அவ்வளவு என்பது அதன் பொருள். அந்தப் பதினான்கு எழுத்துகளை 121 கோடிக்கும் மேற்பட்ட விதங்களில் அடுக்கலாம் என்பதால் சாவியிலிருந்து வாக்கியத்துக்குப் போவது பெரும்பாடு. வாக்கியத்திலிருந்து சாவிக்கு வருவதோ ஒரு நிமிட வேலை. ஒரு பக்கம் எளிது, மறுபக்கம் கடினம் என்ற இந்தத் தன்மையை அவர் மறைப்பதற்குப் பயன்படுத்தினார். நாமோ எளிதான பக்கத்திலேயே நின்று, எல்லாச் சொற்களுக்கும் முன்கூட்டியே சாவி போட்டுவைத்து, தேடுவதற்குப் பயன்படுத்துகிறோம்.

குட்டிச் சொற்கள் மட்டும் ஏன் இப்படிக் கூட்டம் கூட்டமாக ஒரே எழுத்துகளைப் பகிர்ந்துகொள்கின்றன? காரணம் இடநெருக்கடி. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளில் இரண்டிரண்டாகச் சேர்த்தால் 676 கோவைகள்தான் உண்டு. காலின்ஸ் பட்டியலின் 2019 பதிப்பில் அவற்றில் 127 செல்லுபடியாகும் சொற்கள். ஐந்தில் ஒன்று என்று சொல்லலாம். ஏழெழுத்துக் கோவைகளோ 803 கோடி. அவற்றில் சொற்களாக இருப்பவை சில பத்தாயிரங்கள் மட்டுமே. அவ்வளவு பரந்த வெளியில் இரண்டு சொற்கள் ஒரே சாவியில் சந்திப்பது அரிது. சின்ன வெளியில் முட்டிக்கொள்ளாமல் இருப்பதுதான் அரிது.

இதோடு, எல்லா எழுத்துகளும் சமமாகப் புழங்குவதில்லை. 1930களில் ஸ்கிராபிளை உருவாக்கிய ஆல்ஃபிரெட் பட்ஸ் ஒரு கட்டடக் கலைஞர். செய்தித்தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார். அதனால்தான் ஆட்டத்தின் நூறு கட்டைகளில் ஈ பன்னிரண்டு, ஏ ஒன்பது இருக்க, க்யூவும் இசட்டும் ஒவ்வொன்றே. எஸ் நிறையப் புழங்கும் எழுத்துதான், ஆனாலும் நான்கே கட்டைகள். கடைசியில் ஓர் எஸ் ஒட்டினால் பன்மை ஆகிவிடும் என்பதால் தாராளமாகக் கொடுத்தால் ஆட்டம் சுலபமாகிவிடும். ஈட்ஸும் டீஸும் நமக்கு எப்படிக் கிடைத்தன என்று பாருங்கள்.

சாவி போடுவதற்கு இன்னொரு வழி உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பகா எண் கொடுங்கள்: ஏ 2, பி 3, சி 5 என்று போனால் ஈக்கு 11, எஸ்ஸுக்கு 67, டிக்கு 71. சொல்லின் எண்களைப் பெருக்குங்கள். சீட், ஈஸ்ட், ஈட்ஸ், டீஸ் நான்கும் 1,04,654 என்றே வரும், ஏனென்றால் பெருக்கலுக்கு வரிசை கிடையாது. ஓர் எண்ணைப் பகா எண்களாகப் பிரிக்க ஒரே வழிதான் உண்டு என்பதால் வேறு எழுத்துகள் கொண்ட எந்தச் சொல்லும் இந்த எண்ணில் வந்து விழாது. செட் என்ற சொல்லின் எண் 52,327. 1,04,654ஐ அதனால் வகுத்தால் மீதியில்லாமல் 2 வருகிறது. அதாவது செட்டை நம் எழுத்துகளிலிருந்து உருவாக்கலாம், உருவாக்கியபின் மிஞ்சுவது 2, அதாவது ஏ! எழுத்துக்கூட்டும் கேள்வி வகுத்தல் கணக்காகவே மாறிவிட்டது. நீளமான சொற்களில் பெருக்குத்தொகை, கணினி ஒரே எண்ணாகக் கையாளும் 64 பிட் (பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஓர் இலக்கம்) அளவைத் தாண்டிவிடுவதால் நடைமுறையில் வரிசைப்படுத்தும் முறையே கைகொடுக்கிறது. இருந்தாலும் இதன் அழகு தனி.

சில புதிர்களில் ஒரே எழுத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். அங்கே எண்ணிக்கைக்கு வேலையில்லை. ஒரு சொல்லில் எந்தெந்த எழுத்துகள் உண்டு என்பது மட்டும் போதும். இதற்கு 26 பிட்டுகள் கொண்ட ஓர் எண்ணை வைத்துக்கொள்கிறார்கள். எழுத்து இருந்தால் அதற்குரிய பிட் 1, இல்லாவிட்டால் 0. கொடுத்த எழுத்துகளுக்கு வெளியே ஏதாவது பிட் 1 ஆக இருக்கிறதா என்பதைக் கணினி ஓரிரு கட்டளைகளில் பார்த்துவிடும். முழு அகராதியையும் இப்படி வடிகட்ட ஒரு நொடிகூட ஆகாது.

ஸ்கிராபிள் பலகையில் ஏற்கெனவே எழுத்துகள் கிடக்கும்போது மட்டும், புதுச் சொல் அவற்றோடு இடம் பொருந்த வேண்டும் என்பதால், வரிசை திரும்ப வந்துவிடுகிறது. அதற்கு ஆண்ட்ரூ ஆப்பலும் கை ஜேக்கப்சனும் 1988ல் வெளியிட்ட முறையில், பொதுவான தொடக்கங்களையும் முடிவுகளையும் ஒன்றாக இணைத்த வலைப்பின்னலாக அகராதி மாறுகிறது.

தமிழுக்கு இது பொருந்துமா? நகரம், நரகம் இரண்டுக்கும் எழுத்துகள் ஒன்றே, சாவியும் ஒன்றே. ஆனால் ஆங்கிலத்துக்கு எழுதிய நிரலை அப்படியே தமிழில் ஓட்டினால் கலாம், காலம் இரண்டையும் ஒரே கட்டில் போட்டுவிடும். கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோட் முறையில் லா என்பது ஒரே குறியீடு இல்லை. ல தனி, துணைக்கால் தனி. வரிசைப்படுத்தும்போது கால் பிரிந்து போய்விடுவதால், அது லாவுடையதா காவுடையதா என்பது தொலைந்துவிடுகிறது. கொ போன்ற எழுத்துகளை இரண்டு விதமாகச் சேமிக்கலாம் என்பது அடுத்த தலைவலி. ஆகவே முதலில் குறியீடுகளைச் சீராக்கி, உயிர்மெய்களை முழு எழுத்துகளாகக் கூட்டிய பிறகே வரிசைப்படுத்த வேண்டும். பிட் முறைக்கு 26 போதாது, 247 வேண்டும். 64 பிட் எண்கள் நான்கில் அது அடங்கிவிடும். கிரந்த எழுத்துகளையும் சேர்த்தால் நான்கும் போதாது.