நாயம், நியாயம், முறை

நியாயம் வடசொல். 'நி' என்ற முன்னொட்டும், செல்லுதலைக் குறிக்கும் 'இ' என்ற வேரும் சேர்ந்து பிறந்தது. விதி, வழிமுறை, தருக்கம் ஆகிய பொருள்களும் அதற்கு உண்டு. இந்தியத் தருக்க மரபு ஒன்றுக்கு நியாயம் என்றே பெயர். தமிழில் அது ஞாயம் ஆனது, தருமபுரிப் பக்கம் புளி மண்டியில் கூலி பேசுகிறவர் வாயில் "இது நாயமாங்க?" என்று வரும்.

இதற்குத் தமிழ் கேட்டால் பலரும் நேர்மை என்பார்கள். பொருந்தாது. நேர்மை ஆளின் குணம். பைசா திருடாத மேஸ்திரியும் நாயமில்லாமல் வேலை பிரிக்கலாம். நடுவுநிலைமை நல்ல சொல்தான், ஆனால் தீர்ப்புச் சொல்பவரின் நிலையோடு நின்றுவிடுகிறது.

வேலையிடத்துக்கு நெருங்கி வருவது முறை. 541ஆம் குறள் இதற்கு இலக்கணமே தருகிறது: ஆராய்ந்து, வேண்டியவர் என்று கண்ணோட்டம் காட்டாமல், யாரிடத்திலும் தேர்ந்து செய்வதே முறை. தண்ணீர் பாய்ச்சுகிறவர் 'என் முறை' என்பதும், குறை சொல்லப் போகிறவர் முறையிடுவதும் இதே சொல்லால்தான்.

மாசி, பங்குனியில் புளி உடைக்கும் வேலையைப் பாருங்கள். ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்த புளிக்குக் கிலோ கணக்கில் கூலி என்றால், எல்லோருக்கும் ஒரே விலைதான். ஆனால் சதைப்பற்றுள்ள குவியல் ஒருத்திக்கும், சூம்பிய காய் இன்னொருத்திக்கும் போனால் அதே நேரத்தில் எடை குறையும், கூலியும் குறையும். சண்டை விலையில் இல்லை, குவியலில் இருக்கிறது. இங்கே முறை என்பது மூட்டைகளைக் கலந்து கொட்டுவது, அல்லது குவியலை முறை வைத்து மாற்றுவது. கூடை எடையை அவர்கள் கண்ணெதிரே கழிப்பது. அன்றைய எடையை அன்றே எழுதிக் காட்டுவது. எழுதாத எடையை எதிர்த்து முறையிட முடியாது.

அமெரிக்க உளவியலாளர் லெவெந்தால், முடிவெடுக்கும் முறை நியாயமாக இருக்க 1980இல் வகுத்த ஆறு விதிகளிலும் இவை வரும்: எல்லோருக்கும் ஒரே மாதிரி, சாய்வின்மை, சரியான தகவல், தவறைத் திருத்த வழி, பாதிக்கப்படுவோர் குரல், அறத்தோடு ஒத்துப்போதல்.

ஆனால் 'எவ்வளவு' என்ற கேள்விக்கு முறை போதாது. ஓசூர் ஆலையில் போனஸ் ஆண்டுச் சம்பளத்தில் குறைந்தது 8.33, மிஞ்சினால் 20 விழுக்காடு என்பது சட்டம் போட்ட எல்லை. அதற்குள் எது சரி என்பது பங்கைப் பற்றிய பேச்சு. 'முறையான கூலி' என்றால் மாதாமாதம் ஒழுங்காக வரும் கூலி என்றுதான் காதில் விழும். தொகையைச் சொல்ல 'தக்க கூலி' என்று எழுதுங்கள்.