இறக்கிய பி.எச். இரவோடு இரவாக ஏறுவது ஏன்?

மீன் தொட்டியில் பி.எச். (நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் அதிகம்) 7.6. அதை 7-க்குக் கொண்டுவர நினைத்து, பி.எச். குறைக்கும் திரவத்தை ஊற்றுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் 6.3. மறுநாள் காலையில் சோதித்தால் 7.3! ‘திரவம் போலியா?’ என்று கேட்காத மீன் வளர்ப்பாளர் குறைவு. போலி இல்லை. தண்ணீரின் பாதிச் சேமிப்பைக் காலி செய்துவிட்டுத்தான் அது ஓய்ந்திருக்கிறது.

அந்தச் சேமிப்பு, நீரில் கரைந்திருந்து அமிலத்தை ஈடுகட்டும் பைகார்பனேட். அதன் அளவைத்தான் கார்பனேட் கடினத்தன்மை, சுருக்கமாக கே.எச்., என்கிறோம். ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு 17.9 மி.கி. கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். தொட்டி நீரின் பி.எச்.சைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஒரே ஒரு விகிதம்: பைகார்பனேட் எவ்வளவு, கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு.

நம் தொட்டியில் கே.எச். 4, கார்பன் டை ஆக்சைடு லிட்டருக்கு 3 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். பி.எச். 7.6 வரும். இப்போது 2 டிகிரியைத் தீர்க்கும் அளவு அமிலம் விழுகிறது. ஒவ்வொரு ஹைட்ரஜன் அயனியும் ஒரு பைகார்பனேட்டைப் பிடித்து, அதைத் தண்ணீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் உடைக்கிறது. லிட்டருக்கு 31 மி.கி. வாயு புதிதாகப் பிறக்கிறது. பைகார்பனேட் பாதியாகிவிட்டது, வாயுவோ பத்து மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. அதனால்தான் 6.3. தொட்டி கிட்டத்தட்ட நீர்த்த சோடாவாக நிற்கிறது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளப்பது அமிலம் சுட்டதால் அல்ல, இந்த வாயுவால்.

காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோனும் ஃபில்டரும் நீர்ப்பரப்பைக் கலக்கக் கலக்க வாயு வெளியேறி, மறுபடி 3 மி.கி.க்கு வருகிறது. பைகார்பனேட் மட்டும் திரும்பி வராது. புதிய விகிதத்துக்குரிய பி.எச். 7.3. நாம் ‘மருந்து பிடிக்கவில்லை’ என்று அதே அளவை மறுபடி ஊற்றினால் மிச்சமிருந்த 2 டிகிரியும் தீரும். அப்போது பி.எச். 6.3-இல் நிற்காது, 5-க்கும் கீழே போய்விடும். முதல் முறை தாங்கிய மீன்கள் இரண்டாம் முறை செத்து மிதப்பது இப்படித்தான். 7.0 என்ற எண்ணின் மேல் இருக்கும் பக்தியும் ஒருவகை மூடநம்பிக்கைதான். 7.6-இல் நிலையாக இருந்தால் பெரும்பாலான மீன்களுக்கு ஒன்றும் ஆகாது.

அமிலம் ஊற்றாவிட்டாலும் சேமிப்பு கரையும். மீன் வெளியேற்றும் அம்மோனியாவை ஃபில்டர் பாக்டீரியா கடைசியில் நைட்ரிக் அமிலமாக மாற்றுகிறது. மொத்தக் கணக்கில், நைட்ரேட் லிட்டருக்கு 22 மி.கி. ஏறினால் கே.எச். சுமார் 1 டிகிரி இறங்கும். மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாமல், ஆவியானதற்கு மட்டும் ஊற்றிவரும் தொட்டியில் ஒருநாள் கே.எச். பூஜ்யமாகிறது, பி.எச். 6-க்குக் கீழே சரிகிறது, பாக்டீரியாவும் மந்தமாகிறது. அம்மோனியா சேர்கிறது. ஆனால் அந்த அமில நீரில் அது ஏறக்குறைய முழுவதும் அம்மோனியம் என்ற அவ்வளவாக நஞ்சில்லாத வடிவில் இருப்பதால் மீன் பிழைத்துக் கிடக்கிறது. இந்த நேரத்தில் பி.எச். 8 உள்ள தண்ணீரால் முக்கால் தொட்டியை மாற்றினால் கதை முடிந்தது. 25 டிகிரி செல்சியஸில், பி.எச். 6-இல் 0.06 சதவீதமாக இருக்கும் நச்சு அம்மோனியா, 8-இல் 5 சதவீதத்தைத் தாண்டும். அப்படிப்பட்ட தொட்டியில் முதலில் அம்மோனியாவைச் சோதித்துவிட்டு, நாளுக்குப் பத்து சதவீதம் மட்டும் மாற்ற வேண்டும்.

கே.எச். அளக்கச் சொட்டு முறை போதும். 5 மி.லி. தொட்டி நீரில் கே.எச். சோதனைத் திரவத்தை ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்குங்கள். நீலம் மஞ்சளாக மாறும்வரை விழுந்த சொட்டுகளே டிகிரி (நிறம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறலாம்). 10 மி.லி. எடுத்தால் ஒரு சொட்டு அரை டிகிரி. பலவகை மீன்கள் சேர்ந்திருக்கும் தொட்டிக்கு 4 முதல் 8 வரை நல்லது. 2-க்கு இறங்கினால் சமையல் சோடா கைகொடுக்கும்: 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் 1 டிகிரி ஏறும். ஒரு குவளைத் தொட்டி நீரில் கரைத்து, ஃபில்டர் நீர் விழும் இடத்தில் மெல்ல ஊற்றுங்கள். ஒரு நாளில் 1 டிகிரிக்கு மேல் வேண்டாம். பேக்கிங் பவுடரும் துணி வெளுக்கும் சோடாவும் வேறு பொருட்கள், அவற்றைத் தொடாதீர்கள். அடிக்கடி அளக்கச் சோம்பல் என்றால், நொறுக்கிய பவளத்தையோ சிப்பியையோ வலைப்பையில் கட்டி ஃபில்டரில் வையுங்கள். நீர் அமிலமாக ஆக ஆக அது வேகமாகக் கரையும், மேலே போனால் தானே அடங்கும்.

அமில நீர் நிஜமாகவே தேவைப்படும் மீன்களுக்கு, முதலில் கே.எச்.சைக் குறைக்க வேண்டும். கே.எச். 8 உள்ள குழாய் நீரும் ஆர்.ஓ. நீரும் சரிபாதி கலந்தால் 4 வரும். ஒன்றுக்கு மூன்று என்றால் 2. பி.எச்.சை இறக்கப் போடும் காய்ந்த வாதுமை இலை அதன்பிறகுதான் வேலை செய்யும். கே.எச். 8 உள்ள தொட்டியில் எத்தனை இலை போட்டாலும் தேநீர் நிறம் கிடைக்கும், பி.எச். பெரிதாக அசையாது. குழாய் நீரின் பி.எச்.சையும் பிடித்தவுடன் அளக்காதீர்கள். ஒரு வாளியில் 24 மணி நேரம் காற்றாட வைத்து, பிறகு அளந்தால்தான் உண்மையான எண் தெரியும்.