தம்பி, அது ஆபீஸ் 'இஓடி' இல்லை

போன வாரம் ஒரு தாத்தா நெற்றியில் தையலோடு எங்கள் மருந்துக் கடைக்கு வந்தார். இதே கதையில் இந்த வருஷம் எனக்கு இவர் மூன்றாவது ஆள், அதனால் கொஞ்சம் கடுப்போடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாத்தாவுக்கு இதயம் பலவீனம், கால் வீங்கும், அதற்கு ஃப்ரூஸ்மைட் 40 மில்லிகிராம். நீர் மாத்திரை என்றால் எல்லாருக்கும் தெரியும். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த தாளில் மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் இ, ஓ, டி என்று மூன்று ஆங்கில எழுத்து. மருந்துப் பையில் ஒட்டியிருந்த சீட்டில் முழு வாக்கியமாகத் தெளிவாகத்தான் போட்டிருந்தார்களாம், ஆனால் மாத்திரையை வாரப் பெட்டியில் கொட்டிய கையோடு பையைக் குப்பையில் போடுவது நம் வீடுகளில் ஒரு சடங்கு மாதிரி ஆகிவிட்டது. மிஞ்சியது தாள்தான். பெட்டியை நிரப்புவது பேரன், சிங்கப்பூர் ராஃபிள்ஸ் பிளேஸில் ஆபீஸ் வேலை, தங்கமான பிள்ளை. அவருடைய மேனேஜர் தினமும் மின்னஞ்சலில் இதே மூன்று எழுத்தைப் போட்டுத்தான் உயிரை வாங்குவாராம்: 'எண்ட் ஆஃப் டே', அதாவது இன்று வேலை முடிவதற்குள் அனுப்பு. தம்பி யோசிக்கவே இல்லை. ஏழு நாளுக்கும் இரவுக் கட்டத்தில் நாளுக்கொன்றாக மாத்திரையைப் போட்டு வைத்துவிட்டார்.

மருந்துத் தாளில் இஓடி என்றால் 'எவ்ரி அதர் டே'. ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

ஆக, இரண்டு பங்கு நீர் மாத்திரை, அதுவும் படுக்கப் போகும் நேரத்தில். ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறார், தலை சுற்றியிருக்கிறது, கழிவறை வாசலில் ஒரு சின்னப் படி. மேலே விளக்க வேண்டுமா என்ன. நீர் மாத்திரையைப் பெரும்பாலும் காலையில் கொடுப்பதே இதற்காகத்தான்.

என்னிடம் எல்லாரும் சொல்லும் வசனம் ஒன்று இருக்கிறது, அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "இங்கிலீஷ்தானே, எங்க பிள்ளைக்குத் தெரியாதா?" தெரியாதுங்க. இதில் பாதி ஆங்கிலமே இல்லை. ஓடி என்றால் தினம் ஒரு வேளை, பிடி என்றால் இரு வேளை, டிடிஎஸ் மூன்று வேளை, கியூடிஎஸ் நாலு வேளை, ஓஎம் என்றால் தினமும் காலை, ஓஎன் என்றால் தினமும் இரவு, ஏசி சாப்பாட்டுக்கு முன், பிசி சாப்பாட்டுக்குப் பின், சிசி சாப்பாட்டோடு, பிஆர்என் தேவைப்பட்டால் மட்டும். எல்லாம் லத்தீன் மொழி வாக்கியங்களின் முதலெழுத்துகள். ஓஎன் 'ஓம்னி நாக்டே', ஓஎம் 'ஓம்னி மானே'. டாக்டரும் மருந்தாளரும் தாதியும் தங்களுக்குள் பேசிக்கொள்ள வைத்திருக்கும் சுருக்கம் இது, உங்கள் பிள்ளை ஆங்கிலத்தில் ஏ ஒன் வாங்கியிருந்தாலும் இதைப் படிக்க அது உதவாது. சொல்லப்போனால் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். தெரியாதவர் கேட்பார், தெரிந்தவர் ஊகிப்பார். இந்தியாவிலிருந்து புதிதாக வந்த ஒரு ஐடி தம்பிக்கு டிடிஎஸ் என்றதும் சம்பளத்தில் பிடிக்கும் வரிதான் ஞாபகம் வந்தது, ஏசி என்றால் அறையைக் குளிர வைக்கும் பெட்டி, சிசி என்றால் இங்கே எந்த ஆண்டியைக் கேட்டாலும் சமூக மன்றத்துக்கு வழி சொல்வார். ஓஎம் போட்ட தாளைப் பார்த்து "டாக்டர் ஓம் போட்டு ஆரம்பிச்சிருக்கார், நல்ல மனுஷன்" என்று கையெடுத்துக் கும்பிட்ட பாட்டியும் உண்டு. அவரிடம் எனக்குக் கோபமே வரவில்லை.

இதே ஓடி, கண் மருத்துவத்தில் வேறு. அங்கே அது வலது கண். ஒரே இரண்டு எழுத்து, ஒரு தாளில் தினம் ஒரு முறை, இன்னொரு தாளில் வலது கண். எங்கள் தொழிலில் இருப்பவர்களே குழம்பியதால்தான் அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயிண்ட் கமிஷன் 2004இலேயே இந்த மாதிரிச் சுருக்கங்கள் சிலவற்றை எழுதவே கூடாது என்று பட்டியல் போட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பதற்கு அங்கே எழுதும் கியூஓடி அதில் உண்டு. இன்சுலின் அளவில் யூனிட் என்பதற்குப் போடும் ஒற்றை 'யூ'வும் உண்டு, அவசரத்தில் எழுதினால் அது சுழியமாகத் தெரியும், 4 யூனிட் 40 ஆகும். டாக்டர்களே தடுக்கி விழும் இடத்தில் நீங்கள் ஓடிப் பார்க்காதீர்கள்.

நமக்கென்று தனியாக ஒரு வம்பும் இருக்கிறது. இந்த எழுத்துகளைத் தமிழில் எழுதிப் பாருங்கள். தினம் ஒரு வேளை என்பதும் ஓடி, ஓவர்டைமும் ஓடி, ஆபரேஷன் தியேட்டரும் ஓடி. தங்குவிடுதியில் இருக்கும் ஒரு தம்பிக்கு ரத்த அழுத்த மாத்திரை. அறையில் கூட இருப்பவர் தாளைப் பார்த்து "ஓடி போட்டிருக்கு" என்று தமிழில் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறார். ஒரு மாதம் கழித்து அட்டையில் பாதி மாத்திரை அப்படியே இருக்கிறதே என்று கேட்டால், "ஓவர்டைம் இருக்கிற நாள் மட்டும் சாப்பிட்டேன் அக்கா" என்கிறார். சிரிப்பு வந்தது, பிறகு அவருடைய பிரஷர் 168 என்று பார்த்ததும் நின்றுவிட்டது.

எழுத்து ஒன்றாக இருந்தால் அர்த்தமும் ஒன்று என்று நினைப்பது முழுப் பெயர்களிலும் நடக்கிறது. ஸ்டாட்டின் என்று முடிந்தால் கொழுப்பு மாத்திரை என்று எங்கோ படித்துவிட்டு, குழந்தையின் வாய்ப்புண்ணுக்குக் கொடுத்த நிஸ்டாட்டின் சொட்டு மருந்தை ஒரு அம்மா திருப்பிக் கொண்டுவந்தார். "ஆறு மாசப் பிள்ளைக்குக் கொலஸ்ட்ராலா?" நியாயமான கேள்விதான், திருப்பிக் கொடுக்கும் முன் கேட்டாரே, அதுவே பெரிது. அது பூஞ்சைக்கான மருந்து. 1950இல் அதைக் கண்டுபிடித்த இரண்டு பெண்மணிகள் நியூயார்க் ஸ்டேட் ஆய்வகத்தில் வேலை பார்த்தார்கள், அந்த ஊர்ப்பெயர்தான் மருந்தின் பெயரில் ஒட்டிக்கொண்டது. கொழுப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இதைவிடப் பயமுறுத்துவது ஹைப்போ. ஹைப்பர் என்றால் அதிகம், ஹைப்போ என்றால் குறைவு, இதுவரை சரி. ஆனால் நம் ஊர் மருத்துவமனைகளில் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதற்கே ஹைப்போகவுண்ட் என்றுதான் பெயர். அது சோதனையின் பெயர், முடிவு அல்ல. "அம்மாவுக்கு ஹைப்போகவுண்ட் எடுத்தோம்" என்று தாதி சொன்னதைப் பாதி கேட்டுவிட்டு, சர்க்கரை இறங்கிவிட்டது என்று மகன் காப்பிக்கடையிலிருந்து கெட்டியாக மைலோ வாங்கிக் கொடுத்திருக்கிறார். அளவு 14 (இங்கே மில்லிமோல் கணக்கு). சர்க்கரை 4க்குக் கீழே போனால்தான் இனிப்பு கொடுக்க ஓட வேண்டும். பெயரைக் கேட்டு ஓடாதீர்கள், எண்ணைக் கேளுங்கள்.

சரி, என்னதான் செய்வது? மருந்துப் பையைத் தூக்கிப் போடாதீர்கள், முதலில் அது. தாளில் மூன்றெழுத்து இரண்டெழுத்து எதைப் பார்த்தாலும் இணையத்தில் தேடாதீர்கள், பத்து அர்த்தம் வரும், உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்வீர்கள். கொடுத்த இடத்துக்குப் போன் போடுங்கள், இல்லை பக்கத்தில் எந்த மருந்தாளரிடமாவது காட்டுங்கள், இதற்கெல்லாம் யாரும் காசு கேட்பதில்லை. மாத்திரை வாங்கும்போதே தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள், தமிழ் எழுதத் தெரிந்தவர் அங்கே இல்லையென்றால் பேனாவை வாங்கி நீங்களே எழுதுங்கள்: காலை, இரவு, சாப்பாட்டுக்கு முன், பின். எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டுங்கள். பின்னால் வரிசை நீள்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். மாத்திரைப் பெட்டி நிரப்பும் பேரன் பேத்திகளே, உங்களைத் திட்டவில்லை, நீங்கள் இல்லையென்றால் இந்தப் பெரியவர்கள் பாடு திண்டாட்டம். ஆபீஸ் ஆங்கிலத்தை மட்டும் ஆபீஸிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

அப்புறம் தாத்தா. தேக்கா மளிகைக் கடையில் கொடுத்த தினசரி நாட்காட்டி அவர் வீட்டில் இருக்கிறதாம், அதில் மாத்திரை நாளுக்கு வட்டம் போடச் சொன்னேன். உடனே பேரன், ஒற்றைப்படைத் தேதி எல்லாம் மாத்திரை நாள் என்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். வேண்டாம் தம்பி. 31ஆம் தேதிக்கு மறுநாள் 1ஆம் தேதி, இரண்டுமே ஒற்றைப்படை. வட்டமே போடுங்கள்.